வாடிக்கையாளர் வெளிநாட்டில், வேலை நெல்லையில்: ஆன்லைன் சுயதொழிலுக்கு வரி கட்டும் முறை

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வீட்டில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு, வரித்தொகை பெரும்பாலும் பயப்படும் அளவுக்கு வருவதில்லை. மாட்டிக்கொள்வதெல்லாம் காகிதத்தில்தான். பணம் வந்த மாதமே வாங்கி வைக்க வேண்டிய சான்றை, இரண்டு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் லேசில் கிடைக்காது. எனவே முதல் வேலை வங்கியில்.

தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் பணம் எதற்காக வந்தது என்று காட்ட வங்கி ஒரு பர்ப்பஸ் கோட் போடும். சாஃப்ட்வேர் ஆலோசனை வேலைக்கு பி0802. நம் பக்கம் வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அதிகம். அதற்கான குடும்பப் பராமரிப்புக் கோட் பி1301. அது உங்கள் வரவில் விழுந்துவிட்டால், பின்னால் அந்தப் பணத்தை ஏற்றுமதி வருமானம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. பணம் வந்த உடனே கோட் என்ன என்று பாருங்கள். தவறாக இருந்தால் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் ‘ஃபிரா’ என்னும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை வாங்கி, அதற்குரிய இன்வாய்ஸுடன் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது வருமான வரி. சாஃப்ட்வேர், இன்ஜினியரிங், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. மொத்த வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், செலவு பில்களைக் காட்ட வேண்டியதில்லை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆண்டு வரவு 75 லட்சம் வரை இது பொருந்தும். எல்லாம் வங்கி வழியே வருகிறவர்களுக்கு இதுதான் வரம்பு. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதே ஏற்பாடு 58ஆம் பிரிவுக்குள் போகிறது.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி கணக்குப் போடுவோம். வரவு 24 லட்சம் என்றால் லாபம் 12 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். வரவு 30 லட்சம் என்றால் லாபம் 15 லட்சம்; வரி 1,05,000, அதற்கு 4 சதவீத செஸ் 4,200, ஆக 1,09,200 ரூபாய். வரவு என்பது, வேலை பிடித்துத் தரும் ஆன்லைன் பிளாட்ஃபார்ம் கமிஷன் பிடிப்பதற்கு முந்தைய தொகை. கையில் வந்ததை மட்டும் காட்டுவது அடிக்கடி நடக்கிற தவறு. இன்னொரு தவறு, சாஃப்ட்வேர் ஆட்கள் 44ஏடி பிரிவில் போய் 6 சதவீத லாபம் காட்டுவது. அது வியாபாரத்துக்கு உரியது. 44ஏடிஏயில் வரும் தொழில்களுக்கு அங்கே இடமில்லை.

ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்வரி, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி, கட்ட வேண்டும். 44ஏடிஏ எடுத்தவர்கள் மொத்தத்தையும் ஒரே தவணையாக மார்ச் 15க்குள் கட்டலாம். தவறவிட்டால் மாதம் 1 சதவீத வட்டி ஓடும்.

இனி ஜிஎஸ்டி. பலரும் ஏமாறுகிற இடம் இது. மேலே சொன்ன 24 லட்சம் ஆளுக்கு வருமான வரி பூஜ்யம். ஆனால் சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம், அது மொத்த வரவின் மேல் பார்க்கப்படுவது. வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு முகவரியே போதும். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும், வீட்டு வரி ரசீதோ கரண்ட் பில்லோ வேண்டும். கரண்ட் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருப்பதும், கதவு எண் பழையது ஒன்றிலும் புதியது ஒன்றிலும் இருப்பதும் விண்ணப்பம் நிற்கக் காரணமாகும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் எல்யூடி என்னும் உறுதிமொழியை ஆர்எஃப்டி-11 படிவத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும். அது இல்லாமல் இன்வாய்ஸ் போட்டால், வழக்கமான 18 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டு பிறகு ரீஃபண்டுக்கு அலைய நேரும். எல்யூடியின் கீழ் வரி கட்டாமல் ஏற்றுமதி என்ற வாசகம் இன்வாய்ஸில் இருக்கட்டும். பதிவு எடுத்த பிறகு வெளிநாட்டு பிளாட்ஃபார்ம் கமிஷன், வெளிநாட்டு சாஃப்ட்வேர் சந்தா இவற்றுக்கு, விற்பவருக்குப் பதில் வாங்குபவர் கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தொழிலுக்கு வாங்கியதற்குக் கட்டிய வரியாக, திரும்பக் கோரலாம். வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு, தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய்.

அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் தயங்காமல் நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் படிவம் அது. வரி எண் கட்டத்தில் பான் எண் போடலாம். இந்தியாவில் இருந்து செய்யும் வேலைக்கு அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை. கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். யூடியூப் வருமானம் மட்டும் வேறு: வரி விவரம் தந்தால் அமெரிக்கப் பார்வையாளர்கள் வழி வரும் பங்கில் 15 சதவீதம் பிடிப்பார்கள், தராவிட்டால் உலகம் முழுதும் வரும் தொகையில் 24 சதவீதம் வரை போகும். அங்கே பிடித்ததை இங்கே கழிக்க, 2025-26 வருமானத்துக்குப் படிவம் 67 போட வேண்டும். அப்படிக் கழிக்கிறவர்கள், வெளிநாட்டுக் கணக்கோ பங்கோ வைத்திருப்பவர்கள், 44ஏடிஏ ஆட்கள் வழக்கமாகப் போடும் வருமான வரி ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-4ஐ விட்டு ஐடிஆர்-3 போட வேண்டும். போட்ட ரிட்டர்னை 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க மறந்தால் போட்ட தேதி கணக்கில் வராது.

பத்தமடைப் பாய் போலப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஐஇசி என்னும் ஏற்றுமதி இறக்குமதி எண் கட்டாயம். சேவை மட்டும் செய்பவர்களுக்கு வேண்டாம். கடைசியாக, உள்ளாட்சிக்குச் செலுத்தும் தொழில் வரி. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அங்கேயும், கிராமம் என்றால் ஊராட்சியிலும் அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. அந்த ரசீதையும் அதே கோப்பில் வையுங்கள்.