வெளியே தெரியாத டேஷ்கேம் வாங்கும்போது

ஓடும் காரிலிருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம், முன்னும் பின்னும் வேண்டும், ஆனால் கண்ணாடியில் பளிச்சென்று தெரியக் கூடாது என்றால் திரை இல்லாத மாடலைப் பாருங்கள். வைஃபை வழியாக வீடியோவை போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் ஒட்டினால் ஓட்டுபவருக்கும் மறைக்காது, மழையிலும் படம் தெளிவாக இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது கேமராவுக்குள் இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், சூட்டைத் தாங்கும் பாகம்) என்பதைத்தான். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், லித்தியம் பேட்டரி உப்பிவிடும். அதனால் கெபாசிட்டர் உள்ளதையே வாங்குங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

பின் கேமராவின் ஒயர்தான் பெரிய வேலை. கூரைத் துணியின் ஓரமாகச் செருகிக்கொண்டே போய், ஹேட்ச்பேக் என்றால் டிக்கிக் கதவின் கீல் அருகே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் நுழைத்து எடுக்க வேண்டும். நான் அவசரத்தில் வெளியே விட்ட ஒயர் கதவு திறந்து மூடியே நசுங்கி அறுந்தது. முன்பக்கத் தூணில் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும், குறுக்கே போகவே கூடாது.

அப்புறம் மெமரி கார்டு. சாதாரணக் கார்டு ஓயாத பதிவைத் தாங்காது. ஹை எண்டியூரன்ஸ் என்று போட்ட 128 ஜிபி வாங்கி மாதம் ஒருமுறை ஃபார்மட் செய்யுங்கள். பார்க்கிங்கிலும் பதிவு ஓட வேண்டுமானால், கார் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கியதும் தானே நிற்கும் ஹார்ட்வயர் கிட் (கேமராவை காரின் மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கும் ஒயர் செட்) அவசியம், இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.