கரையோரம் சைக்கிளில்: கல்லணையிலிருந்து வீராணம் வரை வழி பிடிப்பது எப்படி

என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கரையில் எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. கரைமேலேயே சைக்கிளில் போய் வருவார். பள்ளி விடுமுறையில் என்னையும் முன்பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். ஏதாவது ஒரு பிரிவில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டால், "மொதல்ல எந்தத் தண்ணி ஓரம் நிக்கிறோம்னு பாரு" என்பார். இன்று கியர் சைக்கிளில் போகும்போதும் நான் அப்படித்தான் வழி பார்க்கிறேன். தஞ்சை டெல்டாவுக்கு முதல் முறை சைக்கிளோடு வருகிறவர்களுக்கும் அதையே முதலில் சொல்வேன்.

கல்லணையில் காவிரி விசிறி போல விரிகிறது. வடக்கே கொள்ளிடம், அடுத்து காவிரி, அதற்குத் தெற்கே வெண்ணாறு, கடைசியாகக் கல்லணைக் கால்வாய். கீழே போகப் போகக் குடமுருட்டி, அரசலாறு என்று மேலும் கிளைகள். பெரும்பாலும் எல்லாம் கடலைப் பார்த்துக் கிழக்கே ஓடுகின்றன. அதனால் ஆற்றோரச் சாலை என்றால் கிழக்கு மேற்கு. பாலம் பாலமாகத் தாண்டும் சாலை என்றால் தெற்கு வடக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலை இல்லை. மேடு என்று சொல்ல இந்தப் பக்கம் பாலத்தின் ஏற்றம் மட்டும்தான்.

பழகுவதற்கு தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போங்கள். ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர் போலத்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று இந்த வரிசையில் ஐந்து பாலங்கள் வரும். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு நிமிடம் நின்று தண்ணீர் எவ்வளவு போகிறது, எந்த நிறத்தில் போகிறது என்று பாருங்கள். வெண்ணாற்றில் கரை தொட்டு ஓடும் நாளில் காவிரியில் மணல் தெரியலாம். முறை வைத்துத் திறந்துவிடும் காலம் என்று அதற்கு அர்த்தம். திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் திரும்ப வேண்டாம். பாசிப்பருப்பில் செய்வது, சைக்கிள் மிதித்து வந்த உடம்புக்கு நன்றாகவே தாங்கும்.

எப்போது வருவது என்பது தண்ணீரையும் காற்றையும் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பார்த்துத் தேதி முன்பின் ஆகும். மூடிய பிறகு வந்தால் பல ஆறுகள் மணலாகத்தான் கிடக்கும். ஆடி மாதத்தில் ஆறு நிறைந்திருக்கும், ஆனால் மேல்காற்று பலமாக வீசும். அந்த மாதத்தில் கிழக்கே போவது சுகம், அதே சாலையில் மேற்கே திரும்புவது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், வேண்டாம். என்னைக் கேட்டால் மார்கழி நடுவிலிருந்து தை நடு வரை வாருங்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும், வெயில் உறைக்காது. காலையில் பனி மட்டும் கெட்டியாக இறங்கும். ஆறரைக்கு முன்னால் கிளம்பினால் பின்விளக்கை அணைக்காதீர்கள்.

அடுத்தது கல்லணையிலிருந்து கும்பகோணம், சுமார் 70 கிலோமீட்டர். பூம்புகார் வரை போகிற மாநில நெடுஞ்சாலையின் முதல் பாதி இது. திருக்காட்டுப்பள்ளி வரை பஸ்களும் மணல் ஏற்றிய வண்டிகளும் கொஞ்சம் நெருக்கும். எட்டு மணிக்குள் அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள். திருவையாறு தாண்டியதும் சாலையின் குணமே மாறிவிடும். திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் சற்றுத் தள்ளிக் கொள்ளிடம், நடுவே வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். நான் அதிகம் ஓட்டியிருக்கும் சாலை இதுதான், இன்னும் அலுக்கவில்லை. இங்கே வேகம் வேண்டாம். வளைவுகளில் சாலை குறுகும், ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு, பலவற்றில் வெள்ளைக்கோடு அழிந்து போயிருக்கும். படித்துறை கண்ட இடத்தில் உட்காரலாம், காலை நனைக்கலாம். ஆனால் மதகுக்கும் தடுப்பணைக்கும் பக்கத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் சுழல் இழுக்கும். அப்பா இதற்கு மட்டும்தான் என்னை அடித்திருக்கிறார். கொள்ளிடத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளத்தை வடிக்கவே இருக்கும் ஆறு அது. மேலே திறந்தால் மணல்திட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும் முன்பே தண்ணீர் வந்துவிடும்.

ஆடிப்பெருக்கு அன்று இந்தச் சாலை முழுக்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் நடப்பார்கள். தை மாதத் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாறும் அப்படித்தான். அன்றைக்கு சைக்கிளை ஒரு வீட்டு வாசலில் கேட்டு நிறுத்திவிட்டு நீங்களும் நடந்து போங்கள்.

ஒரு எச்சரிக்கை. போன் வரைபடம் தூரத்தைக் குறைப்பதாக நினைத்து வாய்க்கால் கரைமேல் வழி காட்டும். மூன்று வருடம் முன்பு ஐப்பசியில் பாபநாசத்துக்குத் தெற்கே நான் அதை நம்பி இறங்கினேன். ஒரு கிலோமீட்டர் வரை நல்ல மண்பாதை. அப்புறம் களிமண். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் சுற்றவே இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலை வரை வர இரண்டு மணி நேரம் ஆனது. மழை பெய்து மூன்று நாள் காயாத கரையில் ஏறாதீர்கள். காய்ந்த கரையிலும் சீமைக்கருவேல முள் கிடக்கும்.

அதனால் டயர் 32 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, 28-க்குக் கீழே வேண்டாம். இரண்டு ட்யூப், பேட்ச், கைப்பம்ப் கட்டாயம். கிராமத்து சைக்கிள் கடைக்காரர்கள் அருமையாகப் பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் பிரஸ்டா என்கிற ஒல்லி வால்வுக்குக் காற்றடிக்க அவர்கள் பம்பில் பொருந்தும் வாய் இருக்காது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

அறுவடை நேரத்தில் இன்னொன்று. தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். யாருமே இல்லாவிட்டாலும் அதன்மேல் ஏற்றக் கூடாது. ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு அது. எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட்டுப் போங்கள். வைக்கோல் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஒரு பிடி வைக்கோல் பின்கியரில் சுற்றினால், செயினைக் கியர் மாற்றும் டெரெய்லர் முறுக்கிக்கொள்ளும். அறுவடை மெஷின் ஏறி இறங்கிய இடத்தில் களிமண் கட்டி கட்டியாகக் கிடக்கும், பனி ஈரத்தில் வழுக்கும். சில நாள் வாத்துக்கூட்டம் சாலையைக் கடக்கும். மணி அடிக்காமல் நில்லுங்கள், மேய்ப்பவர் ஒதுக்கி விடுவார்.

இவையெல்லாம் பழகிய பிறகு வீராணம். கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் வழியாக அணைக்கரை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் லாரிகள் பறக்கும். ஊர்களுக்குள் போகும் பழைய சாலையைப் பிடியுங்கள். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் காலத்துக் கீழணை. அங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. தஞ்சாவூரில் பார்த்த வடவாறு வேறு, இது வேறு. மீன்சுருட்டி போய் வலப்பக்கம் திரும்பினால் காட்டுமன்னார்கோவில். நேரம் இருந்தால் இடப்பக்கம் திரும்பி கங்கைகொண்ட சோழபுரம் பார்த்துவிட்டு வரலாம்.

வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் வீராணம் ஆனது. முழு நீர்மட்டம் 47.5 அடி; சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. கிளம்பும் முன் செய்தித்தாளில் நீர்மட்டம் பாருங்கள். கோடையில் வறண்டு கிடந்தால் அத்தனை தூரம் வந்தும் ஏமாற்றம்தான்.

லால்பேட்டை தாண்டிச் சேத்தியாத்தோப்பு நோக்கி ஏரிக்கரைச் சாலை போகும். இடப்பக்கம் எல்லை தெரியாத தண்ணீர், வலப்பக்கம் கரைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் வயல். கரை ஏரிக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். அதனால் மற்ற வழிகளை விடிகாலையில் தொடங்கச் சொல்லும் நான், இதற்கு மட்டும் மதியம் காட்டுமன்னார்கோவிலில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, நாலரைக்குக் கரை ஏறச் சொல்வேன். பாதிக் கரை போனதும் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள், இரவு அதே ஊரில் தங்கிவிடலாம். இருட்டியதும் கரையில் தெருவிளக்கை நம்ப முடியாது, பூச்சிகள் முகத்தில் வந்து அடிக்கும். முன்விளக்கை முழுசாக சார்ஜ் செய்து வையுங்கள், கறுப்புக் கண்ணாடியோடு வெள்ளைக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.