புரட்டாசி முதல் தை வரை: வீட்டுத்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை முழுக்க வெயிலோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் புரட்டாசி பிறந்ததும் ஒரு தெம்பு வந்துவிடும். இனி மழை பார்த்துக்கொள்ளும், செடி தானாக வளரும் என்ற நினைப்பு. ஆனால் விதைப்பிலிருந்து பொங்கல் வரையிலான இந்த நான்கு மாதம் ஒரே பருவம் அல்ல. புரட்டாசியில் வெயிலும் புழுக்கமும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் பனி. ஒரே செடி மூன்றையும் தாண்டித்தான் காய்க்க வேண்டும். வெயிலுக்குச் செய்ததை மழையிலும், மழைக்குச் செய்ததைப் பனியிலும் தொடர்வதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

கீழே உள்ள நாள் கணக்கு சென்னை முதல் நாகை வரையிலான கடலோரத்துக்கும் டெல்டாவுக்கும் பொருந்தும். கோவை, ஈரோடு பக்கம் மழை குறைவு என்பதால் நீர் தேங்கும் தொல்லையும் அந்த அளவுக்கு இருக்காது.

மழை தொடங்கிய பிறகு விதைப்பது

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, ஐப்பசித் தொடக்கத்தில் வரும். அதன்பின் திறந்த வெளியில் பொடி விதைகளைத் தூவினால், அடித்துப் பெய்யும் மழை விதைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும்; மேல்மண்ணும் இறுகிப்போகும். தப்பி முளைத்தவற்றை நாற்றழுகல் பிடிக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, நூல்போல மெலிந்து, நாற்று மடிந்து விழும். விழுந்ததை நிமிர்த்திப் பயனில்லை.

தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாவற்றையும் புரட்டாசி முதல் வாரத்திலேயே குழித்தட்டில் விதைத்து, மழை படாத தாழ்வாரத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். விதை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. ஆறிய கஞ்சித் தண்ணீரில், நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஒரு சிட்டிகை கலந்து, விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைத்தால் அழுகல் குறையும். விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியதுபோல இருந்தால், அதில் பெரும்பாலும் ரசாயனப் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். அதன்மேல் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் பூசினால் அந்த மருந்தே அதைக் கொன்றுவிடும்.

தக்காளிக்கும் கோஸ் வகைகளுக்கும் 25 முதல் 30 நாள் நாற்று போதும். கத்தரி, மிளகாய் 35 முதல் 40 நாள் எடுக்கும். மழை விடட்டும் என்று காலிஃபிளவர் நாற்றைத் தட்டிலேயே ஐந்து வாரத்துக்கு மேல் வைத்திருப்பது இன்னொரு தவறு. வேர் நெருக்கத்தில் முற்றிய நாற்று, நட்ட பிறகு இலையைப் பெருக்காமல் எலுமிச்சை அளவில் ஒரு பூவை வைத்துவிட்டு நின்றுவிடும். பெய்துகொண்டிருந்தாலும் ஒரு மழை இடைவெளியில் மாலையில் நட்டுவிடுவதே நல்லது.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட் மூன்றையும் நாற்றுவிட்டு நடக்கூடாது. பிடுங்கும்போது ஆணிவேர் நுனி முறிந்தால் கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரியும். நேரடியாக விதைத்து, முளைத்தபின் நெருக்கமானவற்றை நீக்கி இடைவெளி விட்டுக் கலைத்துவிட வேண்டும்: முள்ளங்கிக்கு 10 சென்டிமீட்டர், கேரட்டுக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர். பீட்ரூட்டில் நாம் ஒரு விதை என்று போடுவது உண்மையில் இரண்டு மூன்று விதைகள் ஒட்டிய கொத்து. ஒரு குழிக்கு ஒன்று போட்டாலும் மூன்று முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். கலைக்க மனசு வராமல் விட்டுவைத்தால் கிடைப்பது கீரைதான்.

ரகத்தைப் பார்க்காமல் விதை வாங்குவது

காலிஃபிளவர் வளர்த்துப் பார்த்து ‘எங்கள் ஊருக்கு இது வராது’ என்று கைவிட்டவர்கள் பலர். பல நேரம் குற்றம் ஊரில் இல்லை, பாக்கெட்டில். ஸ்நோபால் வகை ரகங்கள் பூ கட்ட 10 முதல் 16 டிகிரி வரை குளிர் வேண்டும். சென்னையில் ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த விதை இங்கே ஆளுயர இலையைத் தரும், பூவைத் தராது. சமவெளிக்கு வேண்டியது 20 முதல் 27 டிகிரியிலேயே பூ கட்டும் முன்பருவ ரகங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா மேக்னா அந்த வகை. கடையில் கேட்கும்போது ‘வெப்பம் தாங்கும் முன்பருவ ரகம்’ என்று கேளுங்கள். பாக்கெட்டில் உள்ள படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எல்லாப் படத்திலும் பூ வெள்ளையாகத்தான் இருக்கும்.

முள்ளங்கியிலும் இதே கதை. புரட்டாசிப் புழுக்கத்துக்கு பூசா சேத்கி. 40 முதல் 45 நாளில் வந்துவிடும். ஜப்பானிய வெள்ளை குளிர் விழுந்த பிறகு போட வேண்டியது. பொங்கலுக்கு முள்ளங்கி வேண்டுமென்றால் கார்த்திகை பாதியில் விதைக்க வேண்டும், ஐப்பசியில் போட்டால் பொங்கலுக்குள் முற்றிவிடும்.

அவரைக்கு வெப்பத்தைவிடப் பகலின் நீளம் முக்கியம். நாட்டுக் கொடி அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் புரட்டாசி வரை கொடி மட்டுமே ஓடும். கார்த்திகையில் பூத்து, மார்கழி தையில் காய்த்துத் தள்ளும். ‘இரண்டு மாதமாக ஒரு பூகூட இல்லையே’ என்று ஆவணியில் வெட்டிப்போடுவது வீண். ஆடியைத் தவறவிட்டு ஐப்பசியில் போட்டாலும் பூக்கும், ஆனால் கொடி பந்தலை எட்டுவதற்குள் பூக்கும் பருவம் வந்துவிடுவதால் காய்ப்பு சொற்பம். தாமதமானவர்களுக்குச் செடி அவரையே ஏற்றது. அது பெரும்பாலும் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை.

கொத்தமல்லியில் ஒரே தவறுதான்: உருண்டை விதையை முழுசாகப் போடுவது. செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

பை, வலை, வெளிச்சம்

கோடையில் ஈரம் காக்கத் தென்னைநார்க் கழிவை அள்ளிப் போட்டிருப்போம். அதே கலவை ஐப்பசியில் வேரை மூச்சுத்திணற வைக்கும். மழைக்காலப் பைக்கு இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு நார்க்கழிவு போதும். பையின் வாயிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் விட்டு நிரப்புங்கள். நான்கு அங்குலம் குறைவாக நிரப்பிய பை மழையில் தொட்டியாகிவிடும்.

பைகளைத் தளத்தில் நேரடியாக வைத்தால் அடித்துளைகள் அடைபடும். இரண்டு செங்கல்லின்மேல் ஏற்றுங்கள். அடியில் வைத்த தட்டுகளை மழை தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். வேரழுகல் ஒருபுறமிருக்க, அந்தத் தட்டுத் தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம்.

பச்சை நிழல்வலையை மழைக்காலத்திலும் கழற்றாமல் விடுவது மாடித்தோட்டங்களில் மிகப் பரவலான தவறு. 50 சதவீத வலை இருக்கிற வெளிச்சத்தில் பாதியை மறைக்கும், மழையையோ மறைக்காது. மேகமூட்டத்தோடு அதுவும் சேர்ந்தால் தக்காளி கொடிபோல நீளும், பூ உதிரும். புரட்டாசிக் கடைசியில் சுருட்டி வைத்துவிடுங்கள்.

சூரியன் நகர்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆவணித் தொடக்கத்தில் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். மூன்றடி உயரத் தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் அப்போது நண்பகலிலேயே இரண்டடிக்கு மேல் விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஆவணியில் அந்தச் சுவரோரம் அடுக்கிய தக்காளியும் கத்தரியும் மார்கழியில் காய்க்காமல் போவதற்கு உரக்குறை காரணம் இல்லை. சுவரோரத்தைக் கீரைக்கு விடுங்கள்.

உரமும் தண்ணீரும்

அடைமழையில் தழைச்சத்து நீரோடு இறங்கிப் போய்விடும். அடியிலைகள் வெளுத்து மஞ்சளாவது அதன் அடையாளம். அதைப் பார்த்து ஒரே நாளில் கிலோக்கணக்கில் உரம் கொட்டினால் அதுவும் அடுத்த மழையில் போகும். பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், 15 நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட மறுநாள். இலைக்குப் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. கிழங்குக் காய்களுக்குப் பச்சைச் சாணமோ மக்காத உரமோ போட்டால் வேர் கிளைக்கும், இலை மட்டும் செழிக்கும்.

பீட்ரூட்டை வெட்டினால் உள்ளே கருப்புத் திட்டு, காலிஃபிளவர் தண்டில் வெற்றிடம், பூவில் பழுப்பு: இவை நோய் அல்ல, போரான் குறைவு. லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து, நட்ட 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் தெளித்தால் போதும். அளவு மீறினால் இலை ஓரம் கருகும்.

தண்ணீர் விஷயத்தில் ஆபத்து மழையில் இல்லை, மழை நின்றபிறகுதான். கார்த்திகை முழுக்கக் குழாயைத் தொடாமல் இருந்த பழக்கத்தில் மார்கழியிலும் விட்டுவிடுவார்கள். காலையில் இலையில் பனி இருப்பதால் ஈரமாகத் தெரியும், பைக்குள் மண் காய்ந்திருக்கும். பிறகு திடீரென்று நிறைய ஊற்றினால் முள்ளங்கியும் கேரட்டும் நீளவாக்கில் வெடிக்கும், தக்காளியில் அடிப்பக்கம் கருக்கும். இரண்டங்குலம் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். காலையில், வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலையை நனைப்பது பூஞ்சை நோய்களுக்கு அழைப்பு.

பூச்சி

மழை வரும் நாளில் மருந்தடிப்பதும், உச்சி வெயிலில் அடிப்பதும் வீண் செலவு. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் நேரே ஊற்றினால் மிதக்கும். மிதந்த எண்ணெய் ஓரிடத்தில் விழுந்து இலையைப் பொசுக்கும். 5 மில்லி எண்ணெயில் 2 மில்லி சோப்புக் கரைசலைக் குழைத்து, வெண்மையானதும் ஒரு லிட்டர் நீர் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். முட்டைக்கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு நல்ல பொறி. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே ஓரத்துப் பைகளில் கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். கடுகில் புழு பெருகியதும் அதைப் பிடுங்கி அழிக்கவேண்டும். அதை மறந்தால் நாமே பூச்சி வளர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

பறிப்பதில் தாமதம்

வளர்த்தவருக்குக் காயைப் பறிக்க மனசு வராது. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்ட முள்ளங்கி உள்ளே பஞ்சாகிவிடும், வெண்டை நாராகும், அவரையில் விதை புடைத்துத் தோல் தடிக்கும். ஒரு முற்றிய காய் கொடியில் நின்றால் அடுத்த பூக்கள் குறையும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள், அவரையை மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும்.

காலிஃபிளவர் பூ எலுமிச்சையைவிடச் சற்றுப் பெருத்ததும் வெளி இலைகளை மடக்கி மேலே கட்டிவிடுங்கள். வெயில்பட்டால் மஞ்சளாகும். மேற்பரப்பு அரிசி தூவியதுபோல நெருடத் தொடங்கும் முன் அறுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நஷ்டம். முட்டைக்கோஸ் அமுக்கினால் கல்லாக இருக்கிறது, மழையும் வருகிறது என்றால் அன்றே அறுங்கள், இல்லையேல் வெடிக்கும். உடனே வேண்டாமென்றால் செடியை அரைத்திருப்பு திருகி விடுங்கள். பாதி வேர் அறுந்து நீர் ஏறுவது குறையும், ஒரு வாரம் தாங்கும். தக்காளியையும் மழைக்கு முன் இளஞ்சிவப்பு தொட்டதுமே பறிக்கலாம். வீட்டுக்குள் நன்றாகவே பழுக்கும்.

பறித்த முள்ளங்கி, பீட்ரூட்டின் இலையை உடனே நறுக்கிவிடுங்கள். இலையோடு வைத்தால் இரண்டே நாளில் கிழங்கு துவண்டுவிடும். பரங்கிக்காயைக் காம்பு மூன்றங்குலம் இருக்கும்படி அறுக்க வேண்டும். காம்பு உதிர்ந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகும்.

சர்க்கரைவள்ளிக் கொடி நட்டதிலிருந்து 110 முதல் 120 நாள். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமென்றால் ஆவணிக் கடைசிக்குள் நட்டிருக்க வேண்டும். தோண்டும்முன் ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்துப் பால் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது, கரும்பச்சையாக மாறினால் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும். தோண்டியதும் கழுவாதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு ஐந்தாறு நாள் காற்றோட்டமான நிழலில் பரப்பி வைத்தால் கீறல்கள் ஆறும், இனிப்பும் கூடும்.

விதைக்கு விடும் அவரையைக் கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காய்களிலிருந்து எடுக்க வேண்டாம். மார்கழியில் நன்றாகக் காய்க்கும் கொடியில் ஏழெட்டுக் காய்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, கொடியிலேயே காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வையுங்கள். கோஸ், தக்காளியில் பாக்கெட் விதை வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் விதை எடுத்து வைப்பதில் பயனில்லை. அடுத்த தலைமுறை தாயைப்போல வராது.