சிட்காம் ஸ்கிரிப்டில் சூப்பரும் ஃப்ளாஷ்பேக்கும்

படத்தின் மேல் திரையில் வரும் எழுத்தை, அதாவது சூப்பரை, காட்சித் தலைப்புக்குள் (எண், இடம், நேரம் சொல்லும் வரி) திணிக்காதீர்கள். முதலில் படத்தைச் சொல்லுங்கள். சூப்பர் அதற்கடுத்த தனி வரி:

12. வெளி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசல் – பகல் – ஃப்ளாஷ்பேக்
மாங்காய் லாரிகள் வரிசையில். லோடு மேலே முனியப்பன் குறட்டை விடுகிறான்.
சூப்பர்: "3 மணி நேரத்துக்கு முன்"

சூப்பர் ஆறேழு சொல்லைத் தாண்டினால் பார்ப்பவர் படித்துக்கொண்டிருப்பார், குறட்டை வீணாகிவிடும்.

ஃப்ளாஷ்பேக் 5 நொடிதான் என்றாலும் தனிக் காட்சி எண் வேண்டும். இல்லையென்றால் ஷெட்யூல் போடுகிறவர் கண்ணில் படாது. படப்பிடிப்பன்று லாரியே வந்திருக்காது. ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் "13. உள். டீக்கடை – இரவு – நிகழ்காலம்" என்று புதுத் தலைப்பு. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஃப்ளாஷ்பேக்குக்கு முன் டீக்கடையில் முனியப்பன் சொல்லும் "நான் கண்ணே மூடலண்ணா" என்ற வசனம் முடிந்ததுமே ஃப்ளாஷ்பேக்குக்கு வெட்டுங்கள். நடுவில் "யோசிக்கிறான்" என்று எழுதினால் சிரிப்பு அங்கேயே கசிந்துவிடும்.