ஒரு பல்பு, ஒரு வெள்ளைக் குடை: வீட்டிலேயே போர்ட்ரெய்ட்

போர்ட்ரெய்ட், அதாவது முகப்படம், எடுத்துப் பழக ஒரு லைட் போதும். தொடக்கத்திலேயே இரண்டு வைத்தால் எந்த நிழல் எதனால் விழுகிறது என்று பிடிபடாது.

வாங்க வேண்டியவை: ஏழடி லைட் ஸ்டாண்ட், குடை மாட்டும் வசதியுள்ள பல்பு ஹோல்டர், 33 அங்குல வெள்ளைக் குடை, 20 வாட் எல்இடி பல்பு, ஒரு தெர்மோகோல் அட்டை. பல்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். மலிவான பல்பில் சிவப்பு குறைவு. மாநிற முகம் சோகை பிடித்தாற்போல வெளிறிவிடும்.

டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரை ஒட்டி உட்கார வைக்காதீர்கள். சுவரின் சாயம் ஒரு கன்னத்தில் மட்டும் ஏறும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருகினாலும் அது போகாது. பின்சுவருக்கும் நாற்காலிக்கும் நாலைந்து அடி இருக்கட்டும், முகத்தின் நிழல் சுவரில் விழாது.

குடையின் புடைத்த பக்கம் முகத்தைப் பார்க்க, பல்பு குடைக்குள் எரிய வேண்டும். முகத்திலிருந்து மூன்றடி, பக்கவாட்டில் 45 டிகிரி, கண்ணைவிடச் சற்று உயரம். இப்போது மூக்கின் நிழலைப் பாருங்கள். அது சரிந்து இறங்கிக் கன்னத்து நிழலோடு சேர்ந்து, அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம் மிஞ்சினால் சரி. நிழல் படுக்கையாக ஓடினால் லைட் தாழ்வு. கருவிழியில் வெள்ளைப் புள்ளி மின்னவில்லையா, உயரம் அதிகம்.

வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்று பலரும் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளுவார்கள். பலன் நேர்மாறு. ஆறடிக்குப் போனால் வெளிச்சம் கால்வாசியாகும். முகத்துக்குக் குடை சிறிதாகிவிடுவதால் நிழலின் ஓரம் கத்தி மாதிரி வெட்டும். கிட்டேயே வைத்து, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட, எதிர்ப்பக்கம் இரண்டடியில் தெர்மோகோல். ரொம்ப நெருக்கினால் முகம் தட்டையாகும்.

கேமராவில் மேனுவல் மோட்: லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/100 வினாடி, ஐஎஸ்ஓ 1600இல் தொடங்குங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் என்றால் 55 மி.மீ., எஃப் 5.6, 1/50, ஐஎஸ்ஓ 3200. அதற்கு டிரைபாட் வேண்டும். 1/250 என்று வேகம் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக வரலாம், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மலிவு எல்இடி வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நீங்கள் ஐந்தடி தள்ளி நின்று, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். 18 மி.மீ.இல் நெருங்கி எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். போனில் 2எக்ஸ் ஜூம் வைத்து, கண்மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள்.

கண்ணாடி போட்டவருக்குக் குடை அந்தக் கண்ணாடியில் தெரிந்தால், காதுப்பக்கக் கம்பியை அரை அங்குலம் தூக்கச் சொல்லுங்கள். பிரதிபலிப்பு கேமராவுக்குக் கீழே போய்விடும். நெற்றி பளபளத்தால் டிஷ்யூவால் ஒற்றினால் போதும், பவுடர் க்ளோசப்பில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபேனை நிறுத்த மனமில்லை என்றால் ஸ்டாண்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். குடைக்குக் காற்று பட்டால் ஸ்டாண்டோடு சாயும், பல்பும் போகும்.