எந்தத் துணியை எதோடு போடுவது? துவைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வெள்ளை தனி, கலர் தனி. துணி துவைக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பல தடவை துவைத்துப் பழசான கறுப்பு பேன்ட் பக்கத்திலிருக்கும் வெளிர்நீலச் சட்டையை ஒன்றும் செய்யாது. போன வாரம் எடுத்த சிவப்பு டாப்ஸ் ஒன்று போதும், பக்கெட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ரோஸ் கலர் கொடுத்துவிடும். அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எது சாயம் விடும், எது அடுத்ததன் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பாருங்கள். சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ அஞ்சு ரோட்டிலோ ரூம் எடுத்துத் தங்கி, முதல்முறையாகத் தன் துணியைத் தானே துவைக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கல்லில் துவைத்தாலும் மெஷினில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: முதலில் தண்ணீர்

சேலத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்கும். ஒன்று மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர், நாம் சொல்கிற உப்புத் தண்ணி. இதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் சோப்புக்கட்டி நுரைக்காது. தயிர் திரிந்த மாதிரி ஒரு பிசுக்கு மிதக்கும். அந்தப் பிசுக்குதான் வெள்ளைத் துணியில் ஒட்டி ஒட்டி நாளடைவில் பழுப்பாக்குகிறது. நாம் பவுடரைக் குறை சொல்லி, கம்பெனி மாற்றிக்கொண்டிருப்போம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தண்ணீர் பாட்டிலில் பாதி நிரப்பி, துணி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை மேலே நின்றால் நல்ல தண்ணீர். தண்ணீர் பால் மாதிரி கலங்கி நுரை உடனே அமுங்கினால் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் கட்டிச் சோப்பைவிட டிடர்ஜென்ட் பவுடரோ லிக்விடோ மேல். வெள்ளைத் துணியைக் கடைசியாக அலச மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துணிக்கும் நல்ல தண்ணீர் தேடினால் கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும். சூடு ஏற ஏற சாயமும் அதிகமாக இறங்கும். அதனால் கலர் துணியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அந்த மதியச் சூடு வெள்ளைப் பனியனுக்கும் டவலுக்கும் பெட்ஷீட்டுக்கும் நன்றாக உதவும்.

படி 2: குவியல் போடுதல்

பாக்கெட்டில் இருக்கும் பஸ் டிக்கெட், பேனா, சில்லறையை எடுத்துவிட்டுத் தரையில் குவியல் போடுங்கள். சுத்த வெள்ளை ஒன்று. சந்தனம், இளநீலம், இளம்பச்சை போன்ற வெளிர் நிறங்கள் ஒன்று. கறுப்பு, கருநீலம், ஜீன்ஸ் என்று பழகிய அடர் நிறங்கள் ஒன்று. இன்னும் நம்பிக்கை வராத புதுத் துணிகள் தனியாக. சிவப்பு, மெரூன், கரும்பச்சை, கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் காட்டன் துணிகளை முதல் சில துவைப்புக்கு இந்தக் கடைசிக் குவியலில்தான் வைக்க வேண்டும்.

டர்க்கி டவலை எந்தக் குவியலிலும் சேர்க்காதீர்கள். வெள்ளை டவலின் பஞ்சு கறுப்பு பேன்ட்டில் ஏறினால் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதுதான். கால்மிதி எல்லாவற்றுக்கும் கடைசி.

துணி வகையையும் கவனியுங்கள். காட்டனும் நைலானும் மிதக்கிற சாயத்தைச் சட்டென்று பிடிக்கும். பாலியஸ்டர் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. ஒரே பக்கெட்டில் கிடந்த இரண்டு வெள்ளைச் சட்டையில் ஒன்று மட்டும் ரோஸாகிப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: சாயம் போகுமா என்று பார்த்தல்

புதுத் துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், துளி சோப்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வெள்ளைக் கர்சீஃப்பை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கர்சீஃப்பில் ஒன்றும் ஒட்டாவிட்டால் அதன் நிறத்துக்குரிய குவியலில் சேர்க்கலாம். லேசாக ஒட்டினால் அடர் நிறங்களோடு மட்டும். நன்றாகவே இறங்கினால் தனி பக்கெட். பல நிறம் கலந்த துணி என்றால் ஒவ்வொரு நிறத்திலும் இப்படிப் பார்க்க வேண்டும். பச்சை கெட்டியாக நிற்கும், பக்கத்திலிருக்கும் சிவப்பு வழியும்.

புதுத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்ற உப்பு போடுவது உண்மை. ஊறுகிற நேரத்தில் சாயம் இறங்குவதையும் அது கொஞ்சம் குறைக்கும். ஆனால் நூலோடு சேராத மிச்சச் சாயத்தை வீட்டு உப்பு நிரந்தரமாக நிறுத்தாது. மிச்சம் போய்த் தீர வேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை தனியாக அலசுவதே என் கட்சி.

படி 4: ஊற வைப்பதும் துவைப்பதும்

பவுடரைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகு துணியைப் போடுங்கள். துணிமேல் பவுடரைத் தூவினால் அந்த இடம் திட்டுத்திட்டாக வெளுக்கலாம். அரை மணி நேர ஊறல் போதும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் துவைக்கும் பழக்கம் வெள்ளைக்குச் சரி, கலருக்குக் கூடாது.

தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த வீடுகளில் ஒரு வரிசை உண்டு. செமி ஆட்டோமேடிக் மெஷினோ பக்கெட்டோ, ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு வெளிர், கடைசியில் அடர். வரிசையைத் திருப்பாத வரைக்கும் ஒரே நுரை மூன்று ஈடுக்கு வரும். காலரையும் கைமடிப்பையும் மட்டும் பிரஷ் வைத்துத் தேய்த்துவிட்டு மெஷினில் போடுங்கள். டிரம்மைத் திணிக்காதீர்கள், துணி புரள இடம் வேண்டும். ஜீன்ஸையும் பிரின்ட் போட்ட டி-ஷர்ட்டையும் உட்புறம் வெளியே வரத் திருப்பிவிடுங்கள்.

சாயம் ஏறுவதற்கு ஈரமும் தொடுகையும் நேரமும் போதும். துவைத்துப் பிழிந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனால், துவைக்கும்போது நடக்காதது அங்கே நடந்துவிடும்.

சொட்டு நீலம் வெள்ளைக்கு மட்டும், கடைசி அலசலில். அரை மக் தண்ணீரில் முதலில் கரைத்து, அதைப் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிய பிறகு துணியை முக்குங்கள். துணிமேல் நேராக விழுந்த சொட்டு லேசில் போகாது.

படி 5: பார்டர் வேறு நிறமுள்ள சேலை

இளம்பிள்ளையில் எடுத்த சந்தனக் கலர் காட்டன் சேலை, அரக்கு பார்டர் என்று வைத்துக்கொள்வோம். இங்கே சாயம் விடுவதும் பிடிப்பதும் ஒரே துணியில் இருக்கிறது. ஊற வைக்கவே கூடாது. சேலையைக் கொசுவி, பார்டர் மட்டும் கீழே தொங்கும்படி பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் பார்டரை மட்டும் முக்கி முக்கி எடுங்கள். தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். பிறகு முழுச் சேலையையும் சோப்புத் தண்ணீரில் சட்டென்று முக்கி, அலசி, முறுக்காமல் நீரை வழியவிட்டு, உடனே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். நாலாக மடித்துக் கொடியில் போட்டால் பார்டரின் கோடு உடலில் அச்சாக விழும்.

பட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. வீட்டில் சேலம் வெண்பட்டு வேட்டி இருந்தால், சாதாரணப் பவுடரின் காரம் பட்டு இழைக்கு ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிளீச் பட்டால் இழையே அழியும். பழகும் வரை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

மஞ்சள்

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் மஞ்சளில் நனைத்த துணி வீட்டுக்கு வீடு கிடக்கும். மஞ்சள் சாயம் நிற்கவே நிற்காது. எப்போதும் தனியாகத்தான் துவைக்க வேண்டும். சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டதும் கறை திடீரென்று செக்கச்செவேல் என்று மாறும். பயப்படாதீர்கள். சோப்பின் காரத்தில் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும், நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். மிச்சக் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரத்தோடு கறை மேலே தெரியும்படி விரித்துப் போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும். மற்ற கறைகளுக்கு இந்த வெயில் வைத்தியத்தை நம்பாதீர்கள்.

படி 6: காயப்போடுதல்

சேலத்து வெயிலில் வெள்ளையை நேர் வெயிலிலும் கலரை நிழலிலும் போடுங்கள். கலரை வெயிலில்தான் போட்டாக வேண்டும் என்றால் உட்புறத்தைத் திருப்பிப் போட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் கதை வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் ஒரு பெட்ஷீட் முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகும். அத்தனை நேரமும் ஈரம் நிற்பதால், கீழே சேலத்தில் சாயம் போகாத துணிகூட மேலே பக்கத்துத் துணியில் இறக்கிவிடும். அதனால் ஒரே நாளில் எல்லாக் குவியலையும் துவைக்காதீர்கள். இன்று வெளிர், நாளை மறுநாள் அடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னை இரண்டு தடவை ஓட்டுங்கள். அடுக்கு ஸ்டாண்டில் அடர் நிறத்தைக் கீழ்க்கம்பியில் போடுங்கள், சொட்டினாலும் தரையில்தான் சொட்டும். துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விட்டு, அறைக்குள் என்றால் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

சாயம் ஏறிவிட்டால்

காயவிடாதீர்கள். காய்ந்து அயர்ன் பெட்டியும் பட்டுவிட்டால் எடுப்பது கஷ்டம். சாயம் விட்ட துணியை உடனே பிரித்து எடுத்துவிட்டு, ஏறிய துணியைக் குளிர்ந்த தண்ணீரில் பல தடவை அலசி, மறுபடி பவுடர் போட்டுத் துவையுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். வெள்ளைக் காட்டனில் இன்னும் மிச்சமிருந்தால் சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஊற வையுங்கள். பட்டிலும் கம்பளியிலும் இது கூடாது.

பிளீச்சிங் பவுடரோ குளோரின் பிளீச்சோ கலர் துணியில் படவே கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கத்திலேயே இருக்கும். அதையும் பிளீச்சையும் ஒரே பக்கெட்டில் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். தெரியாமல் கலந்துவிட்டால் துணியை அப்படியே விட்டுவிட்டு முதலில் வெளியே வந்துவிடுங்கள்.