மழை ஊரில் குழந்தைகளின் படங்களைப் பூஞ்சை பிடிக்காமல் எடுத்து வைப்பது எப்படி?

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு பெட்டி வாங்கி, பிள்ளை வரைந்ததை எல்லாம் உள்ளே போட்டு, பரணில் ஏற்றிவிட்டால் பத்து வருஷம் கழித்துக்கூட அப்படியே இருக்கும். அதையே நீலகிரியில், குன்னூரிலோ கோத்தகிரியிலோ செய்துவிட்டு மார்கழியில் திறந்து பாருங்கள், படத்தைவிடப் பூசணம்தான் அதிகம் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் மார்கழி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், ஆடியிலேயே முடிந்துவிடும். அதனால் மலையில் இருக்கிறவர்களுக்காக, கையில் பெரிய பணமோ தனி அறையோ இல்லாதவர்களுக்காக, எங்கள் வீட்டில் நடைமுறையில் இருப்பதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி வாங்குகிறீர்கள் என்பதைவிட, அதை எந்த நாளில் மூடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். காகிதம் சும்மா கிடந்தாலே காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை முளைக்கத் தயாராகிவிடும், மழைக்காலத்தில் நம் வீடுகளுக்குள் அந்த அளவெல்லாம் சர்வசாதாரணம். அப்படிப்பட்ட ஒரு நாளில், காற்றுப் புகாத நல்ல பெட்டி என்று விலை கொடுத்து வாங்கி, அதற்குள் படங்களை வைத்து அழுத்தி மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கிறோம்.

படி 1: மழை மாதங்களில் சேர்த்து வைத்தால் மட்டும் போதும்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து நாலு நாள் வெயில் அடிப்பதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும், குன்னூர் கோத்தகிரிக்கு அதில்தான் அதிக மழை. இந்த மாதங்களில் எதையும் மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். மேல் பக்கம் திறந்த ஒரு தட்டு, அல்லது ஓரம் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். வெளிச்சுவர் ஓரமாக வேண்டாம், அந்தச் சுவரில்தான் ஓதம் ஏறும். வீட்டின் உள்பக்கத்துச் சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். பள்ளியிலிருந்து வருவது, வீட்டில் வரைவது எல்லாம் அதில் போகட்டும்.

போஸ்டர் கலர் படங்கள் மட்டும் உடனே அதில் போகக் கூடாது. மூட்டம் போட்ட நாளில் வாட்டர் கலர் காய ஒரு ராத்திரி போதாது. துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டி, உள்ளறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கணப்பு அடுப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ நேர் எதிரே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் காகிதம் சுருண்டுகொள்ளும், தடிப்பாகப் பூசிய இடத்தில் பெயிண்ட் விரிசல் விடும். கிரேயான் மெழுகு என்பதால் சூட்டில் இளகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 2: தை, மாசியில் உட்கார்ந்து பிரியுங்கள்

ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் காலையில் விரல் விறைக்கும், ஆனால் மத்தியானம் நல்ல வெயில், காற்றும் காய்ந்திருக்கும். வருஷத்தில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பொங்கல் லீவில் ஒரு மத்தியானம் ஒதுக்கிவிடுங்கள். தட்டில் இருப்பதை எல்லாம் வெயில் நேராகப் படாத, காற்றோட்டமான அறையில் தரையில் போர்வை விரித்துப் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அதற்குள் பிரித்தும் முடித்துவிடலாம்.

எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். என் வழி கொஞ்சம் கறாரானது: 'அழகாக இருக்கிறது' என்பதற்காக எதையும் வைக்காதீர்கள். பள்ளியில் டீச்சர் அவுட்லைன் போட்டுக் கொடுத்து, பிள்ளை பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகள் வீட்டிலும் அதே ஆட்டுக்குட்டி இருக்கிறது. அதை விட்டுவிடலாம். நோட்டின் பின்பக்கத்தில் கோணல்மாணலாகப் போட்ட, ரோட்டில் வந்து நின்ற காட்டெருமையை விடாதீர்கள். பெட்டியில் சேர வேண்டியது அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் போட்டிருக்க முடியாத படம்.

இன்னொன்று, முதன்முதலாக வந்தவை. இரண்டு வயதில் வெறும் கிறுக்கல்தான், ஆனால் அந்தக் கிறுக்கலிலும் வகை உண்டு. அமெரிக்காவில் நர்சரிப் பள்ளி ஆசிரியராக இருந்த ரோடா கெலாக் லட்சக்கணக்கான குழந்தைப் படங்களைச் சேகரித்து, அடிப்படைக் கிறுக்கல்களையே 20 வகையாகப் பிரித்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூடிய வட்டம் முதலில் வந்த காகிதம், தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த முதல் மனிதன் (மூன்று, நாலு வயதில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் வரைகிறார்கள், உடம்பு பிறகுதான் வரும்), எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதிய சொந்தப் பெயர், வானமும் தரையும் தனித்தனியாகப் பிரிந்த முதல் படம், இவற்றைக் கண்டிப்பாக வையுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து படம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கல் நெஞ்சம் என்று நினைக்கலாம். ஆனால் நூறு படம் வைத்தால் அந்த நூறையும் காய வைக்க வேண்டும், வருஷா வருஷம் திறந்து பார்க்க வேண்டும், யாரும் செய்ய மாட்டோம். பிள்ளையையும் கூட உட்கார வையுங்கள், ஆனால் 'இதைப் போடவா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள், ஒன்றுகூடப் போகாது. 'உனக்குப் பிடித்த பத்து எடு' என்று சொல்லுங்கள். மீதியில் நீங்கள் எடுங்கள். மிஞ்சியதில் பாட்டி வீட்டுக்குக் கொஞ்சம், பரிசு சுற்ற கொஞ்சம். கணப்பில் போடுவதென்றால் வெறும் காகிதம் மட்டும், ஜிகினாவும் தெர்மாகோலும் ஒட்டியதை எரித்தால் வரும் புகை வீட்டுக்குள் ஆகாது.

படி 3: பின்பக்கம் எழுதுங்கள்

பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழும், ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் ஊறும். மாதம், வருஷம், வயது, அப்புறம் 'இது என்ன?' என்று கேட்டதற்குப் பிள்ளை சொன்ன பதில், சொன்னது சொன்னபடியே. 'டிரெயினுக்கு மேடு ஏற மூச்சு வாங்குது, அதான் புகை' என்று சொன்னால் அதையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். வரைந்த அன்றே கேட்டால்தான் உண்டு, ஒரு வாரம் போனால் அதே படம் டைனோசர் ஆகிவிடும்.

படி 4: போட்டோ எடுக்க மூட்டமான நாள்தான் நல்லது

காகிதத்துக்கு எதிரியான மேகமூட்டம் கேமராவுக்கு நண்பன். வெயில் நேராக விழுந்தால் பாதிப் படம் வெளுப்பாகவும் பாதி நிழலாகவும் வரும். மூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி பரவுவதால், ஸ்டூடியோவில் வெள்ளைக் குடை வைத்துச் செய்வது நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே போட்டோ வேலையை மழை மாதங்களிலேயே செய்துவிடுங்கள்.

ஜன்னல் பக்கத்தில் தரையில் ஒரு வெள்ளைச் சார்ட், அதன்மேல் படம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ட்யூப்லைட்டும் பகல் வெளிச்சமும் கலந்தால் நிறம் மாறித் தெரியும். பிளாஷ் வேண்டவே வேண்டாம், கிரேயான் மெழுகில் பளபளக்கும். போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். கேமரா செட்டிங்கில் கட்டக்கோடு போட்டுக்கொண்டால் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சுலபம். ஸ்கேன் ஆப்பில் எடுத்தால் ஓரம் தானாக வெட்டிக்கொடுக்கும், ஆனால் அவை பில், சான்றிதழ் எடுக்கச் செய்யப்பட்டவை, வெளிர் மஞ்சளையும் பென்சில் நிழலையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். படத்துக்குச் சாதாரணக் கேமராவே மேல்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முதலில் போடுங்கள்: 2025-08, பிள்ளை பெயர், இரண்டு வார்த்தை. தானாக வரிசையில் நிற்கும். கூகுள் கணக்கில் இலவசமாக 15 ஜிபி இடம் உண்டு, ஆனால் அது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்லோடு பாதியில் நிற்கும்போது கரண்ட் போவதெல்லாம் நமக்குப் புதிதா என்ன?

படி 5: இடையில் தாள் வைத்து அடுக்குங்கள்

கிரேயானும் ஆயில் பேஸ்டலும் எதிரே இருக்கும் தாளில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டேஷனரி கடையில் பட்டர் பேப்பர் கிடைக்கும், இரண்டு படத்துக்கு நடுவில் ஒன்று வையுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை இறங்கும், அதிலிருக்கும் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் ஒரே பருவத்தில் துரு தாளைத் துளைத்துவிடும். கிழிந்ததைச் செலோடேப்பால் ஒட்ட வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பசை வழியும்.

ஏ4 அளவுப் படங்களுக்குப் பாக்கெட் வைத்த டிஸ்ப்ளே பைல் வசதி, பிள்ளையே புரட்டிப் பார்க்கும். சார்ட் அளவுப் படங்களை மடிக்காதீர்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தை வெட்டி, ஒரு ஓரத்தில் துணி டேப் ஒட்டினால் புத்தகம் போலத் திறக்கும் பெரிய உறை தயார். அலமாரிக்குப் பக்கத்தில் நிற்க வைக்கலாம். உருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, பெரிய விட்டத்தில், தளர்வாக உருட்டுங்கள்.

லேமினேஷன் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது, சூட்டில் மெழுகு இளகிப் பரவும், ஒருமுறை செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. எழுத்துப் பயிற்சி அட்டைக்குச் செய்யுங்கள், படத்துக்கு வேண்டாம்.

படி 6: பெட்டியும் அது இருக்கும் இடமும்

மூடி இறுக்கமாகக் கிளிப் ஆகும் பிளாஸ்டிக் பெட்டி. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன், அதை வாங்கலாம். 3 என்றிருந்தால் பிவிசி, வேண்டாம். டிரங்குப் பெட்டி சமவெளிக்குச் சரி, இங்கே ராத்திரிக் குளிரில் தகரம் வியர்க்கும். வர்க்கியோ சாக்லேட்டோ வந்த அட்டைப்பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆகாது, நெய் வாசனைக்கு எறும்பும் கரப்பானும் தேடிவரும்.

உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும், பிரயோஜனமில்லை. நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு நிறம். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கும், பிள்ளைகள் திறக்கும் பெட்டிக்கு அது வேண்டாம். நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். அரிசியை முடிந்து போடும் யோசனை ஒன்று சுற்றுகிறது, வண்டு வளர்க்க ஆசை இருந்தால் செய்யலாம்.

பெட்டியை வெயில் அடித்து இரண்டு நாள் ஆன பிறகு, மத்தியானத்தில் மூடுங்கள். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. பழைய வீடுகளில் சமையலறைச் சுவரின் மறுபக்கம்தான் வீட்டிலேயே காய்ந்த இடம், எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் அங்கேதான் இடம். தகர ஷீட் போட்ட எஸ்டேட் லைன் வீடுகளில் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள், விடியற்காலையில் ஷீட்டிலிருந்து சொட்டும்.

பூச்சி

பசையையும் காகிதத்தையும் தின்னும் வெள்ளிப்பூச்சிக்கு ஈரமும் இருட்டும் போதும். மைதாப் பசைக்குப் பதில் ஃபெவிகால் மாதிரியான பசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை குறையும். பருப்பு, மக்காச்சோளம், இலை ஒட்டிய படங்களைப் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள், மற்றப் படங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து. ஓலைச்சுவடிக்கு வைத்த வசம்பை இதற்கும் வைக்கலாம், துணியில் முடிந்து, படத்தில் படாமல். யூகலிப்டஸ் தைலம் நம் ஊரில் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறதே என்று தெளித்துவிடாதீர்கள், எண்ணெய்க் கறை போகாது.

சுவரில் மாட்டுவது

மாட்டத்தான் வேண்டும், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டால் பிள்ளை எதற்கு வரைகிறது? உள்சுவரில் கயிறும் கிளிப்பும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டாதீர்கள், 2,000 மீட்டர் உயரத்தில் வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், ஸ்கெட்ச் பேனா நிறம் சீக்கிரமே வெளுத்துவிடும். பென்சிலும் கிரேயானும் தாங்கும். பிரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பூஞ்சை வந்திருந்தால்

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். அந்தப் படத்தை மட்டும் தனியே எடுத்து நிழலில் நன்றாகக் காயவிட்டு, வாசலுக்கு வெளியே, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், மூச்சிழுப்பு இருக்கும் பிள்ளை என்றால் நிச்சயமாக வேண்டாம். பாதிக்கு மேல் போயிருந்தால் போட்டோ எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். கூட இருந்த மற்றப் படங்களையும் வெளியே எடுத்துக் காய வைத்து, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள்.

களிமண் பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுடாத களிமண் நம் மழைக்குத் தாங்காது, எந்தப் பெட்டியில் வைத்தாலும் ஓரம் நொறுங்கும். நாலு பக்கமிருந்தும் போட்டோ, பிள்ளை கையில் பிடித்திருக்கிற மாதிரி ஒன்று, பிறகு ஜன்னல் விளிம்பில் இருக்கும் வரை இருக்கட்டும்.